கயிற்றை இழுக்கும் முன்… வீட்டு ஜெனரேட்டர் வாங்குவோர் கவனத்திற்கு

ஜெராமிலிருந்து கடலோரச் சாலையில் கிள்ளானை நோக்கிப் போனால் வழியில் காப்பார் வரும். நாட்டின் பெரிய அனல்மின் நிலையங்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் மின்சாரம் உற்பத்தியாகியும், காற்று கொஞ்சம் பலமாக வீசினால் வீட்டில் விளக்கு அணைந்துவிடுகிறதே என்று ஜெராம், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் அலுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு.

அலுப்பில் நியாயம் உண்டு. ஆனால் மின் நிலையம் பக்கத்தில் இருப்பதற்கும் நம் வீட்டு விளக்குக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் பெரிய கோபுரங்கள் வழியாகத் தேசியக் கட்டமைப்பில் கலக்கிறது. பிறகு துணை மின் நிலையங்களில் அழுத்தம் குறைந்து, கடைசிக் கட்டத்தில் 11,000 வோல்ட்டாக வந்து, தாமானுக்கு அருகிலுள்ள மின்மாற்றியில் வீட்டுக்கு ஏற்றபடி மாறுகிறது. தோட்டப் பகுதிகளில் அந்தக் கடைசிக் கட்டம் செம்பனை மரங்களுக்கு நடுவே நீண்டு போகிறது. ஒரு மரம் சாய்ந்தால் போதும், ஒரு மின்னல் விழுந்தால் போதும். நாமோ உலகிலேயே இடி மின்னல் மிக அதிகமான வட்டாரங்களில் ஒன்றில் வாழ்கிறோம். அதிகாலையில் கடல் பக்கமிருந்து திடீரென்று அடித்துவிட்டுப் போகும் 'சுமத்ரா' காற்றைக் கடலோர மக்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

பெரிய அளவிலும் நாம் இருட்டைப் பார்த்திருக்கிறோம். 1996 ஆகஸ்டு 3, சனிக்கிழமை மாலை. திரெங்கானுவின் பாக்கா மின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு தீபகற்பம் முழுவதையும் இருளில் தள்ளியது. 2022 ஜூலை 27 மதியம் ஜொகூர் யோங் பெங்கில் ஒரு துணை மின் நிலையத்தில் ஏற்பட்ட பழுது கிள்ளான் பள்ளத்தாக்கு வரை எட்டியது. 2021 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மேல் ஏறி நின்றவர்களின் படங்கள் இன்னும் நம் கைப்பேசிகளில் இருக்கின்றன. வெள்ளம் ஏறும்போது பாதுகாப்புக்காக மின்சாரத்தைத் துண்டித்துத்தான் ஆகவேண்டும். தண்ணீர் வடிந்த பிறகும் சோதனை முடியும்வரை அது திரும்பி வராது.

இந்த அனுபவங்களுக்குப் பிறகுதான் பலருக்கு வீட்டில் ஒரு ஜெனரேட்டர் இருந்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. ஹார்ட்வேர் கடையிலும் இணையக் கடைகளிலும் இப்போது அது சுலபமாகக் கிடைக்கிறது. சில நூறு வெள்ளியிலிருந்து பல ஆயிரம் வெள்ளி வரை விலை போகிறது. வாங்குவது எளிது. எதை வாங்குவது, அதைவிட முக்கியமாக எங்கே வைத்து ஓட்டுவது என்பதுதான் விஷயம். இதைத் தவறாகச் செய்த குடும்பங்கள் உலகின் பல இடங்களில் தூக்கத்திலேயே இறந்திருக்கின்றன.

தோட்டத்து இஞ்சின்

நம் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் ஜெனரேட்டர் புதிதல்ல. ரப்பர்த் தோட்டக் காலத்தில் பல லயங்களுக்கு அரசாங்க மின்சாரம் வரும்முன், தோட்ட நிர்வாகத்தின் டீசல் இஞ்சின்தான் வெளிச்சம் தந்தது. அந்தி சாயும்போது இஞ்சின் போடுவார்கள். இரவு சில மணி நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். படிக்கிற பிள்ளை இஞ்சின் நிற்பதற்குள் படித்து முடிக்க வேண்டும். இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளை உண்டா? தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுவசதிக்கென 1966-இலேயே குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. ஆனாலும் 24 மணி நேர மின்சாரம் என்பது பல தோட்டங்களுக்கு வெகுகாலம் கழித்தே எட்டியது.

அந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. பெரிய இஞ்சின் என்பதால் அதற்கென்று தனிக் கொட்டகை. எண்ணெய் ஊற்ற, பார்த்துக்கொள்ள ஓர் ஆள். சத்தமும் புகையும் அந்த இடத்தோடு போயிற்று. இன்றைய கையடக்க ஜெனரேட்டர் ஒரு சூட்கேஸ் அளவுதான் இருக்கிறது. கைப்பிடி வேறு வைத்திருக்கிறார்கள். அதனால் அதைச் சமையலறைக்குப் பின்னாலும், போர்ச்சிலும், படிக்கட்டுக்குக் கீழும் வைக்கலாம் என்று தோன்றுகிறது. உருவம் சிறுத்திருக்கிறதே தவிர, வெளியே விடும் புகை அதே புகைதான்.

எவ்வளவு பெரிது வேண்டும்?

கடையில் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு வீட்டுக்கு எத்தனை கேவிஏ போதும்?" இதற்கு ஒரே பதில் இல்லை. ஒரு தாளை எடுத்து, மின்சாரம் இல்லாத இரவில் எது இல்லாமல் முடியாது என்று எழுதுங்கள். ஆசைப்படுவதை எழுத வேண்டாம்.

ஒரு சராசரி வீட்டை எடுத்துக்கொள்வோம். குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது சுமார் 150 வாட். 3 மின்விசிறிகளுக்கு 180. 6 எல்இடி விளக்குகளுக்கு 60. இணைய ரூட்டருக்கு 12. தொலைக்காட்சிக்கு 80. நாலைந்து கைப்பேசிகளுக்கு 40 என்று வையுங்கள். கூட்டினால் 522 வாட். "அட, இவ்வளவுதானா!" என்று 600 வாட் ஜெனரேட்டர் வாங்கிவிடாதீர்கள். மோட்டார் உள்ள சாதனம் எதுவும் தொடங்கும் நொடியில் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அந்த 150 வாட் பெட்டி, கம்ப்ரஸர் உதைத்துக் கிளம்பும்போது 900 வாட் வரை கேட்கலாம். அதாவது கூடுதலாக 750. அப்போது மொத்தம் 1,272 வாட் ஆகிறது.

ஜெனரேட்டரை அதன் முழுத் திறனில் மணிக்கணக்காக ஓட்டுவது நல்லதல்ல. 80 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்வது நல்ல பழக்கம். தொடர்ச்சியாக 1,600 வாட் தரும் ஜெனரேட்டரில் 80 விழுக்காடு என்றால் 1,280. நம் கணக்கு அதற்குள் அடங்கிவிடுகிறது. கடைகளில் '2 கேவிஏ' வகை என்று சொல்லப்படும் சிறிய ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் இந்த அளவுதான். ஆக, குளிரூட்டியும் வாட்டர் ஹீட்டரும் வேண்டாம் என்று முடிவெடுத்த குடும்பத்துக்கு இது போதும்.

சோறு ஆக்குவதற்கு? ரைஸ் குக்கர் 650 வாட் எடுக்கும். அதையும் சேர்த்து ஓடிக்கொண்டிருக்கும்போது குளிர்சாதனப் பெட்டி கிளம்பினால் 1,900-ஐத் தாண்டிவிடும். ஜெனரேட்டர் திணறும் அல்லது நின்றுவிடும். குக்கர் வேகும் அரை மணி நேரம் பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அதற்கும் மேலே சுலபமான வழி, கேஸ் அடுப்பில் சோற்றை வடித்துவிடுவது. மின்சாரக் கெட்டில் 2,000 வாட்டுக்கு மேல், உடனடி வாட்டர் ஹீட்டர் 3,000-க்கும் மேல். இந்த இரண்டையும் சிறிய ஜெனரேட்டரில் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

கிணறு அல்லது தொட்டியிலிருந்து தண்ணீர் ஏற்றும் அரை குதிரைத்திறன் பம்பு வைத்திருப்பவர்களும், ஒரு குதிரைத்திறன் பழைய வகைக் குளிரூட்டியை ஓட்டியே ஆகவேண்டும் என்பவர்களும் 3 கேவிஏ-வுக்கு மேல் போக வேண்டியிருக்கும். என் கருத்தைக் கேட்டால், குளிரூட்டிக்காகப் பெரிய ஜெனரேட்டர் வாங்குவது பணத்தையும் பெட்ரோலையும் வீணடிப்பது. ஜன்னல் வைத்த வீடும் ஒரு மின்விசிறியும் ஓர் இரவுக்குப் போதும்.

அட்டையில் இருக்கும் எண்ணை நம்பலாமா?

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் 'உச்ச' திறன். சில நொடிகள் மட்டுமே தாங்கும் அளவு அது. நாம் பார்க்க வேண்டியது தொடர் திறன். 'ரேட்டட்' என்று இருக்கும். மலிவு விலை ஜெனரேட்டர்களில் இந்த இரண்டும் வெகுதூரம் தள்ளி நிற்கும். சிலவற்றில் எழுதியிருப்பது வெறும் கற்பனை.

ஏமாறாமலிருக்க ஒரு வழி, இஞ்சினின் சிசி அளவைப் பார்ப்பது. 200 சிசி அளவுள்ள நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின் நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஓடும்போது ஏறக்குறைய 2 முதல் 3 கிலோவாட் வரை தரும். அதே அளவு இஞ்சினின் மேல் 8,000 வாட், 9,000 வாட் என்று ஒட்டியிருந்தால், சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு சிசி கணக்கு அத்துப்படிதானே!

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சரக்கு என்றால் இன்னொரு சோதனையும் வேண்டும். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துவந்து வீட்டுச் சாதனங்களை மாட்டிப் பார்க்கக் கூடாது.

அடுத்தது, சாதாரண வகையா, 'இன்வர்ட்டர்' வகையா? சாதாரண ஜெனரேட்டர் சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று ஒரே வேகத்தில் கத்திக்கொண்டிருக்கும். பாசார் மாலாமில் கடைகளுக்குப் பின்னால் போனால் கேட்கும் சத்தம் அதுதான். பம்பு, மின்விசிறி, விளக்கு ஆகியவற்றுக்குக் குறையில்லை. இன்வர்ட்டர் வகை, சுமைக்குத் தகுந்தபடி இஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மின்சாரமும் சீராக வரும் என்பதால் மடிக்கணினி, தொலைக்காட்சி, மருத்துவக் கருவிகளுக்கு ஏற்றது. சத்தம் குறைவு, பெட்ரோலும் மிச்சம், விலை மட்டும் அதிகம். ஓர் உதாரணம்: ஹோண்டாவின் இயூ22ஐ மாடலுக்கு 3.6 லிட்டர் டேங்க். முழுச் சுமையில் 3 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும். கால் பங்குச் சுமையில் 8 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் இருப்பவர்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு அடுத்த வருடமும் பேச்சுவார்த்தை வேண்டுமென்றால், இன்வர்ட்டர் வகையைப் பார்ப்பது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத புகை

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன். மேலே சொன்னதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பெட்ரோல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வெளிவருகிறது. நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். மூச்சு வழக்கம்போல ஓடும். உடலுக்கு ஆக்சிஜன் மட்டும் போகாது. கையடக்க ஜெனரேட்டர் ஒன்று நூற்றுக்கணக்கான கார்கள் வெளியிடும் அளவுக்கு இந்த வாயுவை வெளியிடக்கூடும் என்று அமெரிக்கப் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. அந்த ஒரு நாட்டில் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு பேர் ஜெனரேட்டர் புகையால் இறக்கிறார்கள் என்பது அதே ஆணையத்தின் மதிப்பீடு.

2020 ஆகஸ்டில் லூசியானா மாநிலத்தை 'லாரா' சூறாவளி தாக்கியது. புயலில் தப்பியவர்கள் மின்சாரம் இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டினார்கள். அந்த மாநிலத்தில் காற்றும் வெள்ளமும் எடுத்த உயிர்களோடு போட்டி போடும் அளவுக்கு ஜெனரேட்டர் புகை உயிர்களைப் பறித்தது. லேக் சார்ல்ஸ் நகரில் ஒரே வீட்டில் பலர் இறந்தார்கள். அந்த ஜெனரேட்டர் வீட்டுக்குள் இருக்கவில்லை. வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில்தான் இருந்தது. நம் ஊர் போர்ச்சை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதோடு கதை முடியவில்லை. போர்ச், பால்கனி, பின்கட்டு, கதவைத் திறந்து வைத்த ஸ்டோர் எதுவுமே கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டேன், மின்விசிறி ஓடுகிறது என்பதெல்லாம் காப்பாற்றாது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி, அதாவது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க, அந்தப் பக்கத்துக் கதவு ஜன்னல்களை அடைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

இங்கேதான் தாமான்வாசிகளுக்குச் சிக்கல். வரிசை வீடு ஒன்றின் அகலமே பெரும்பாலும் 20 அல்லது 22 அடிதான். உங்கள் வீட்டிலிருந்து 20 அடி தள்ளினால் அது பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே போய் நிற்கும். நீங்கள் பிழைத்து, அவர் பிள்ளைகள் மயங்கினால்? பின் சந்தில் வைத்தால் இரண்டு வரிசை வீடுகளின் சமையலறையும் அங்கேதான் திறக்கின்றன. கம்பத்து வீடு, சுற்றிலும் நிலமுள்ள தனி வீடு, தோட்டத்தில் இடைவெளி விட்டுக் கட்டிய வீடு என்றால் இடம் கிடைக்கும். நெருக்கமான வரிசை வீட்டில் பெட்ரோல் ஜெனரேட்டர் சரிவராது என்பதுதான் என் முடிவு. அவர்களுக்கான மாற்று வழியைப் பிறகு சொல்கிறேன்.

மழை வந்துவிட்டதே, ஜெனரேட்டர் நனையுமே என்றுதான் பலரும் அதைக் கூரைக்குக் கீழே இழுத்து வருகிறார்கள். மழைக்கு நடுவேதான் பாதி மின் தடைகளும் வருகின்றன. இதற்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். நாலு பக்கமும் திறந்த சிறு கூரையைத் தள்ளி ஓரிடத்தில் அமைத்து, அடியில் மேடான சிமெண்டுத் தளம் போட்டுவைக்கலாம். கேன்வாஸ் போட்டு மூடி ஓட்டுவது தீக்கு விருந்து வைப்பது. ஈரக் கையோடு, தேங்கிய தண்ணீரில் நின்றுகொண்டு பிளக்கைத் தொடுவதும் வேண்டாம்.

நச்சு ஏறியதை எப்படித் தெரிந்துகொள்வது? தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு, குழப்பம். சளிக்காய்ச்சல் போலவும், சாப்பாடு ஒத்துக்கொள்ளாதது போலவும் இருக்கும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், வெளியே போனதும் சரியாகிவிட்டால், சந்தேகமே வேண்டாம். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இந்த அறிகுறி எதுவும் தெரியாது. அவரால் எழுந்திருக்கவே முடியாமல் போகும். ஆகவே ஜெனரேட்டரை ஓடவிட்டுவிட்டு எல்லாரும் உறங்கப் போவதைத் தவிர்க்க வேண்டும்.

கோவிட் காலத்தில் நம்மில் பலர் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறோம். கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் அதை நம்பவே கூடாது. இந்த வாயு ஒட்டிய இரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள இரத்தம் என்று எண்ணி அது 98, 99 என்று காட்டும். ஆள் மயங்கிக்கொண்டிருப்பார், கருவி "நலம்" என்று சொல்லும். சந்தேகம் வந்தால் உடனே எல்லாரையும் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து 999-ஐ அழையுங்கள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். மருத்துவருக்கு அதுதான் முக்கியத் தகவல். சாதாரணக் காற்றில் இந்த வாயு பாதியாகக் குறையவே 4 முதல் 6 மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் அந்த அளவு குறையும். வீட்டில் படுத்து ஓய்வெடுத்தால் சரியாகும் என்று காத்திருக்க இது இடம் தராது.

பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை இணையக் கடைகளில் வாங்கலாம். ஜெனரேட்டர் வாங்குகிற வீட்டில் படுக்கையறைக்கு அருகில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். புகையைக் கண்டறியும் கருவி வேறு, இது வேறு, பார்த்து வாங்குங்கள்.

சுவர் பிளக்கில் திருப்பி மாட்டலாமா?

இரண்டு முனையிலும் பிளக் உள்ள ஒரு வயரைத் தயார் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவர் பிளக்கிலும் மாட்டினால் வீடு முழுக்க வெளிச்சம் வந்துவிடும் என்று யோசனை சொல்பவர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு. வெளிச்சம் வரும், உண்மைதான். கூடவே அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்கும் போகும். வீட்டுக்காக அழுத்தத்தைக் குறைத்துத் தரும் அதே மின்மாற்றி, எதிர்த்திசையில் வந்தால் அதை 11,000 வோல்ட்டாக உயர்த்தும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று எண்ணிக் கம்பத்தில் ஏறியிருக்கும் டிஎன்பி தொழிலாளியின் கதி என்ன? அவரும் நம் ஊர்ப் பிள்ளையாக இருக்கலாம். அதோடு, மாட்டாத முனையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கால்களில் உயிருள்ள மின்சாரம் ஓடும். குழந்தை கை வைத்தால் அவ்வளவுதான். ஜெனரேட்டர் ஓடும்போதே டிஎன்பி மின்சாரம் திரும்பி வந்தால் இரண்டும் மோதி ஜெனரேட்டர் எரியும்.

வீட்டு வயரிங்கோடு இணைத்தே ஆகவேண்டும் என்றால் 'சேஞ்ச்ஓவர் சுவிட்ச்' பொருத்த வேண்டும். டிஎன்பி பக்கம், நடுவில் நிறுத்தம், ஜெனரேட்டர் பக்கம் என்று மூன்று நிலை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற வயர்மேன் மட்டுமே இதைச் செய்யலாம். அவரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: ஜெனரேட்டரில் ஓடும்போது வீட்டு இஎல்சிபி வேலை செய்யுமா? பல சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் கம்பி பூமியோடு இணைக்கப்படாமல் இருப்பதால், நாம் நம்பியிருக்கும் அந்தப் பாதுகாப்பு எதிர்பார்த்தபடி இயங்காமல் போகலாம்.

சிறிய ஜெனரேட்டருக்கு இந்தச் செலவு தேவையில்லை. தடித்த எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துச் சாதனங்களை நேரடியாக மாட்டினால் போதும். 20 அடி தள்ளி வைப்பதால் வயர் நீளமாக வேண்டும். நீளம் கூடக்கூட மெல்லிய வயர் சூடாகும். குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில், வெளிப்புறத்துக்கு ஏற்ற உறையோடு செய்யச் சொல்லுங்கள். உருளையில் சுற்றிய வயர் என்றால் முழுவதையும் அவிழ்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். சுற்றிய நிலையில் சூடு உள்ளேயே தங்கி உருகிவிடும்.

பெட்ரோல் கணக்கு

ஜெனரேட்டர் வாங்கியவர்கள் பெட்ரோலைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். மானிய விலை ரோன் 95-உம் டீசலும் 1961-ஆம் ஆண்டின் விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருபவை. கேனைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போனால் ஊழியர் மறுப்பார், அது அவர் தவறல்ல. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் மாவட்ட அலுவலகத்தில் அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். வெள்ளம் வந்த பிறகு கேட்டால் அலுவலகமே பூட்டியிருக்கும். மினரல் வாட்டர் போத்தலில் பெட்ரோல் நிரப்பி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், தூரத்தில் எரியும் சாமி விளக்கையோ கேஸ் அடுப்பையோ தொட்டால் நெருப்பு திரும்பி ஓடிவரும். வீட்டுக்குள் வைக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரில் ஊற்றவும் வேண்டாம். நிறுத்தி, கால் மணி நேரமாவது ஆறவிட்டு ஊற்றுங்கள். கோயில் திருவிழாவில் இரதத்துக்குப் பின்னால் ஒரு ஜெனரேட்டர் வருமே, அதைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் சூடம் எரிந்துகொண்டிருக்க, ஓடும் இஞ்சினில் பெட்ரோல் ஊற்றுவதை ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்வலங்களில் பார்த்திருக்கிறேன்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தைத் துடைத்துப் போட்டபோது, பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. வாடகை ஜெனரேட்டர்கள் வீடு வீடாகப் போய்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றின. கைப்பேசிக்குச் சார்ஜ் போடவும் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள். அதற்கும் முன்னால், 1990-களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பெட்ரோலும் இல்லாத ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டிருக்கிறார்கள். வானொலியில் வேலை பார்க்கும் எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் சிலிர்க்கும். எரிபொருள் இல்லாவிட்டால் எந்த ஜெனரேட்டரும் வெறும் இரும்புதான் என்பதை அந்த மக்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. 2022 மார்ச் இறுதியில் இலங்கை முழுவதும் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்தபோதும், டீசலுக்கான வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டிருந்தது.

உண்மையிலேயே தேவைதானா?

வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருக்கும் பெரியவர், இரவில் மூச்சுக்கருவி மாட்டுபவர், மீன் அல்லது மாட்டிறைச்சி அல்லாத குளிர்பதன வியாபாரம் என்று எதுவானாலும் பெட்டியை நம்பிப் பிழைப்பவர் ஆகியோருக்கு மாற்று மின்சாரம் அவசியம். மருத்துவக் கருவி உள்ளவர்கள், ஜெனரேட்டர் கிளம்பும்வரை தாங்கும் பேட்டரி ஒன்றையும் வைத்திருக்க வேண்டும். எங்கள் ஒலிபரப்புத் துறையிலும் அப்படித்தான். மின்சாரம் போன நொடியில் யுபிஎஸ் தாங்கிப் பிடிக்கும். பிறகுதான் ஜெனரேட்டர் பொறுப்பேற்கும். நேயர்களுக்கு எதுவுமே தெரியாது.

மற்றவர்களுக்கு? மூடிய கதவோடு விட்டால் குளிர்சாதனப் பெட்டி சுமார் 4 மணி நேரம் குளிரைக் காக்கும். நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். இன்சுலின் பயன்படுத்துகிறவர்கள் மிகவும் பயப்படுகிறார்கள். திறந்து பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலானவை 30 டிகிரிக்குக் கீழ் ஏறக்குறைய 28 நாள் தாங்கும். நம் ஊர் மதியம் அதைத் தாண்டும் என்பதால் மண்பானைக்குள், நிழலில் வைக்கலாம். உங்கள் மருந்தின் வகையைச் சொல்லி மருந்தாளரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே, சில மணி நேர மின் தடைக்காகத் தவிக்கும் தாமான் குடும்பங்களுக்கு நான் சொல்லும் மாற்று, 'பவர் ஸ்டேஷன்' எனப்படும் பெரிய பேட்டரிப் பெட்டி. 1,000 வாட்-மணி கொள்ளளவு என்றால் இழப்பு போக 850 வரை கிடைக்கும். ஒரு மின்விசிறி, இரண்டு மூன்று விளக்கு, ரூட்டர் என்று 80 வாட் ஓட்டினால் பத்து மணி நேரத்துக்கு மேல் வரும். ஓர் இரவு கழிந்துவிடும். புகை இல்லை, சத்தம் இல்லை, படுக்கையறையிலேயே வைக்கலாம். லித்தியம் அயன் பாஸ்பேட் வகை பேட்டரியா என்று பார்த்து வாங்குங்கள். அது சூட்டைத் தாங்கும், நெடுநாள் உழைக்கும். நாள்கணக்கில் நீளும் வெள்ளத்துக்கு இது மட்டும் போதாது என்பது உண்மை. சூரியத் தகடு ஒன்றை இணைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

நிலமுள்ள வீட்டுக்காரர்கள் ஜெனரேட்டர்தான் என்று முடிவெடுத்துவிட்டால், கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உள்ளே எண்ணெய் இருக்கிறதா?" புதிய ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் இஞ்சின் எண்ணெய் இல்லாமலேயே பெட்டியில் வருகின்றன. ஊற்றாமல் கயிற்றை இழுத்தால் முதல் நாளே இஞ்சின் பிடித்துக்கொள்ளும். முதல் எண்ணெய் மாற்றம் 20 மணி நேர ஓட்டத்துக்குள், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மாதம் ஒரு ஞாயிறு காலை பதினைந்து நிமிடம், ஒரு மின்விசிறியையாவது மாட்டி ஓட்டிப் பாருங்கள். பல மாதம் தொடப்போவதில்லை என்றால் டேங்கையும் கார்ப்ரேட்டரையும் காலி செய்துவிட்டு வையுங்கள்; பழைய பெட்ரோல் பசைபோலாகி அடைத்துக்கொள்ளும். மின்சாரம் போனதும் டிஎன்பி-யின் 15454 எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்துவிட்டு, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டுக்கொண்டு, அதன் பிறகு கயிற்றைப் பிடியுங்கள். ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்றால், அந்த ஒரு மணி நேரத்தை வாசலில் உட்கார்ந்து கழித்துவிடலாம்.